கூட்டுப் பட்டாவிலிருந்து என் மின்னஞ்சலைப் பிரித்துத் தர வேண்டி

அனுப்புநர்:
ச. மலர்கொடி,
த/பெ. சடையப்பன்,
மேட்டுத் தெரு, மரக்காணம்,
திண்டிவனம் வட்டம், விழுப்புரம் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு வட்டாட்சியர் அவர்கள்,
வட்டாட்சியர் அலுவலகம்,
திண்டிவனம்.

பொருள்: மின்னஞ்சல் முகவரி – குடும்பத்தாராலும் பக்கத்து வீட்டாராலும் ஆக்கிரமிக்கப்பட்டது – ஆக்கிரமிப்பை அகற்றி மனுதாரர் பெயரில் தனிப்பட்டா வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: வேலி ஆக்கிரமிப்பு குறித்து என் தகப்பனார் இதே அலுவலகத்தில் முன்பு அளித்த மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மரக்காணம் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே உள்ள பத்திர எழுத்தர் ஒருவரிடம் கணினியில் பத்திரம் தட்டச்சு செய்யும் வேலை பார்த்து வருகிறேன். கிழக்கே இன்னார் நிலம், மேற்கே இன்னார் கிணறு என்று ஊரார் சொத்துக்கெல்லாம் எல்லை அடித்துக் கொடுப்பதே என் பிழைப்பு. அப்படிப்பட்ட எனக்கே எல்லைத் தகராறு வந்து தங்கள் முன் நிற்க வேண்டியதாகிவிட்டது. தகராறு நிலத்தில் இல்லை, மனையில் இல்லை, மின்னஞ்சலில் இருக்கிறது. இதைப் படித்ததும் தாங்கள் சிரிக்கக்கூடும். சிரித்து முடித்த பிறகு மேற்கொண்டு படிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

2. கடந்த தை மாதம் எனக்கும் மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக்காகப் பணிபுரியும் திரு. புருஷோத்தமன் என்பவருக்கும் நிச்சயதார்த்தம் நடந்தது. ஆவணியில் கல்யாணம். நிச்சயத்தன்று அவர் என்னிடம் பேசியது ஒரே ஒரு பேச்சுதான். மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைக்கட்டுமா என்று கேட்டார். நான் தலையாட்டினேன். அந்த வாரமே லீவு முடிந்து அவர் விமானம் ஏறிவிட்டார்.

3. மிச்சப் பேச்சைப் போனில் பேசலாமே என்று தாங்கள் கேட்பது நியாயம். எங்கள் வீட்டுப் போன் கூடத்தில் இருக்கிறது. அதில் ஸ்பீக்கர் பொத்தான் இருப்பது என் தாயார் பாக்கியலட்சுமிக்குத் தெரிந்துவிட்டது. வெளியே பூத்துக்குப் போகலாம் என்றால், எங்கள் தெருவுக்கு உள்ள எஸ்.டி.டி. பூத்தை நடத்துபவர் என் சித்தப்பா மாயவன். ஆகவே பேருந்து நிலையம் அருகில் கூனிமேட்டுக்காரர் நிஜாமுதீன் பாய் நடத்தும் பிரவுசிங் சென்டரில் ஒரு மின்னஞ்சல் முகவரி தொடங்குவது என்று முடிவாயிற்று.

4. பிழை அங்கேதான் தொடங்கியது. ரேஷன் கார்டுக்குப் போட்டோ எடுக்கப் போவது போல் வீட்டில் எல்லோரும் கிளம்பி வந்துவிட்டார்கள். "ரேஷன் கார்டு மாதிரிதானே இதுவும், குடும்பத்துக்கு ஒண்ணு" என்றார் என் தகப்பனார். குடும்பத் தலைவர் பெயரை எங்கே எழுதுவது என்றும் விசாரித்தார். பாஸ்வேர்டு என்ன வைக்கலாம் என்று அறையே கூடி யோசித்து, உரக்கச் சொல்லி, எல்லோரும் மனப்பாடம் செய்துகொண்டார்கள். "பாஸ்வேர்டை இப்படிக் கத்தக் கூடாதும்மா" என்று சொல்லிக் காதைப் பொத்திக்கொண்டவர் நிஜாமுதீன் பாய் ஒருவரே. அவருக்கும் எங்களுக்கும் எந்த உறவும் கிடையாது என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

5. நான் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் இவர்கள் சென்டருக்குப் போய் என் அஞ்சலைத் திறப்பது வழக்கமாகிவிட்டது. ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழை என் சித்தப்பா உரக்க வாசிப்பார். தாயாரும் தகப்பனாரும் கேட்பார்கள். பக்கத்து வீட்டுத் திருமதி சுலோசனாவும் கேட்பார். பார்வையில் கண்ட மனு இந்தச் சுலோசனா அக்காள் மேல் கொடுத்ததுதான். அவருடைய வேலி எங்கள் மனைக்குள் ஒரு முழம் வந்துவிட்டது என்று என் தகப்பனார் இங்கே நடையாய் நடந்து, சர்வேயரை வரவழைத்து, கல் நட்ட பிறகுதான் சோறு தின்றார். இன்றுவரை இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஆனால் என் அஞ்சலைப் படிக்கும்போது மட்டும் இருவரும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள்.

6. ஆக்கிரமிப்பின் தன்மைக்கு ஓர் எடுத்துக்காட்டு. பங்குனியில் திரு. புருஷோத்தமன், "உன்னை நினைத்தால் நெஞ்சில் ஒரு வலி" என்று எழுதியிருந்தார். இது எந்த வகை வலி என்பதைத் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சித்தப்பா வாசித்து முடித்ததும் என் தாயார் மாரில் அடித்துக்கொண்டார். மாப்பிள்ளைக்கு நெஞ்சுவலி என்று தெருவே பேசியது. வாயுவாகத்தான் இருக்கும், இஞ்சிச் சாறு குடிக்கச் சொல்லுங்கள் என்றார் சுலோசனா அக்காள். உடனே ஈ.சி.ஜி. எடுத்து அனுப்பவும் என்று என் பெயரிலேயே பதில் போனது. அந்த மனிதர் பெரியவர் பேச்சைத் தட்டாதவர். மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய் ஈ.சி.ஜி. எடுத்து, ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டார். அதை பிரிண்ட் எடுத்துத் தெருவில் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். கோடு நன்றாகத்தான் போகிறது என்று சுலோசனா அக்காள் சான்று அளித்தார்.

7. இதற்குப் பிறகு நான் பாஸ்வேர்டை மாற்றினேன். ஒரு வாரம் நிம்மதியாக இருந்தது. பாஸ்வேர்டு மறந்துபோனால் கேட்பதற்கென்று ஒரு ரகசியக் கேள்வி வைக்கச் சொல்லியிருந்தார்கள். உங்கள் வளர்ப்புப் பிராணியின் பெயர் என்ன என்பதைத் தேர்ந்தெடுத்து எங்கள் ஆட்டின் பெயரைக் கொடுத்திருந்தேன். என் தாயார் தினமும் பொழுது சாய்ந்ததும் வாசலில் நின்று "ஏ சிங்காரி, சிங்காரி" என்று ஊருக்கே கேட்கக் கூப்பிடுவது அந்த நேரத்தில் என் நினைவுக்கு வரவில்லை. சித்தப்பா ஒரே தடவையில் உள்ளே வந்துவிட்டார். மேற்படி ஆட்டின் மேல் எனக்கு எந்தப் புகாரும் இல்லை.

8. இனி வழக்கின் சாரத்துக்கு வருகிறேன். இதுவரை எழுதியதைத் தாங்கள் விளையாட்டாக எடுத்துக்கொண்டாலும் இதை அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். வைகாசி தொடக்கத்தில் திரு. புருஷோத்தமன் எனக்கு ஒரு கேள்வி எழுதினார். வீட்டில் சொன்னதற்காகத் தலையாட்டினாயா, உனக்கே விருப்பமா, எதுவானாலும் பயப்படாமல் சொல், உன் மேல் பழி வராமல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கேட்டிருந்தார். ஐயா, பெண் பார்க்க வந்த நாளிலிருந்து இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர் அவர் ஒருவர்தான். என் தகப்பனார் கேட்கவில்லை. தாயார் கேட்கவில்லை. நாள் பார்த்துச் சொன்ன ஐயர், மண்டபக்காரர், சமையல்காரர் யாரும் கேட்கவில்லை.

9. நான் அதைப் பார்ப்பதற்கு முன்பே அதற்குப் பதில் போய்விட்டது. "பெண்ணுக்குப் பூரண சம்மதம். ஆவணி முகூர்த்தத்தில் மாற்றம் இல்லை. இப்படிக்கு, மலர்கொடி" என்று சித்தப்பா அடித்து அனுப்பியிருந்தார். தன்னைத் தானே பெண் என்று சொல்லிக்கொள்ளும் பெண்ணைத் தாங்கள் எங்கும் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் யாருக்கும் பவர் பத்திரம் எழுதிக் கொடுக்கவில்லை. நான் கையெழுத்துப் போடாத கிரயம் செல்லாது என்றால், நான் சொல்லாத சம்மதம் மட்டும் எப்படிச் செல்லும்?

10. அதற்கு அவர் அனுப்பிய பதில் ஒரே சொல். "சரி." வழக்கமாக ஒரு பக்கம் எழுதுகிறவர். அடித்தது சித்தப்பா என்று அவருக்குப் புரிந்துவிட்டது போலும், அதன் பிறகு அந்த முகவரிக்கு அவர் எதுவும் எழுதவில்லை. அந்தச் சரியைப் படித்துவிட்டு வேலைக்குப் போனேன். ஒரு கிரயப் பத்திரத்தில் வாங்குபவர் பெயரையும் விற்பவர் பெயரையும் இடம் மாற்றி அடித்துப் பத்திர எழுத்தரிடம் திட்டு வாங்கினேன். ரொம்பவும் வேதனையாக இருந்தது.

11. வேறு முகவரி தொடங்கிக்கொள்ளலாமே என்பீர்கள். தொடங்கினேன். ரகசியக் கேள்விக்கு இந்த முறை ஆட்டை நம்பவில்லை. "நான்தான் மலர்கொடி. இது என் புது முகவரி. இங்கே என்னைத் தவிர யாரும் இல்லை" என்று எழுதினேன். மறுநாள் பதில் வந்தது. "வணக்கம் சித்தப்பா. எல்லோரும் நலமா? என் ஈ.சி.ஜி. நார்மல்தான், அம்மாவைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லவும்." நான்தான் நான் என்று சொன்னால் நம்ப ஆளில்லாத நிலைக்கு வந்துவிட்டேன், ஐயா. சத்தியமாக நான்தான் என்று மறுபடியும் எழுதினேன். சித்தப்பாவும் இப்படித்தான் சத்தியம் செய்வார் என்று பதில் வந்தது. அதில் தவறு சொல்ல முடியாது. அவர் செய்வார்.

12. என் குடும்பத்தார் கெட்டவர்கள் என்று நான் ஓரிடத்திலும் கூறவில்லை. கேட்டால், "மறைக்கிற மாதிரி அதுல என்னாடி இருக்குது?" என்கிறார் என் தாயார். மறைக்க ஒன்றும் இல்லைதான். கதவைச் சாத்திக்கொண்டு சேலை மாற்றுவது எதையோ திருடி வைத்திருப்பதால் அல்லவே. என் தகப்பனார் உப்பளம் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறார். பாத்தியில் உப்பு இறங்கும் நேரத்தில் யாரையும் அதில் கால் வைக்க விடமாட்டார். தாம் பெற்ற மகளே போனாலும், "ஏய், கலங்கிடும், மேல ஏறு" என்று வரப்பிலிருந்து சத்தம் போடுவார். அதே பொறுமையைத்தான் எனக்கும் கேட்கிறேன். ஒரு பதில் எனக்குள் இறங்கிக்கொண்டிருக்கும்போது நான்கு பேர் நின்று எட்டிப் பார்த்தால் அது கலங்கிவிடுகிறது.

13. காவல் நிலையத்துக்குப் போனேன். என்ன களவு போனது என்று கேட்டார்கள். கடிதம் அங்கேயே இருக்கிறது, படித்துவிட்டு அப்படியே வைத்துவிட்டார்கள் என்றேன். அப்படியானால் நல்ல மனிதர்கள்தானே என்றார்கள். தபால் நிலையத்தில் ஸ்டாம்பு ஒட்டாத கடிதத்துக்கு அவர்கள் பொறுப்பில்லை என்றார்கள். எல்லை என்று வந்தால் அது வருவாய்த் துறைதான் என்று நானே தீர்மானித்து, வருடந்தோறும் ஊரார் மனுக்களை வாங்கும் இந்த ஜமாபந்தியில் மனு கொடுக்கிறேன். பிரிக்க வேண்டிய சொத்தின் விவரம் வருமாறு:

மரக்காணம் பேருந்து நிலையம் அருகில் உள்ள பிரவுசிங் சென்டரில், சுவர் ஓரக் கணினி வழியாகத் திறக்கப்படும் புதிய மின்னஞ்சல் முகவரி ஒன்று. இதற்குச் செக்குபந்தி, அதாவது நான்கு எல்லை: என் தகப்பனாரின் அக்கறைக்குத் தெற்கு, தாயாரின் கவலைக்கு வடக்கு, சித்தப்பாவின் ஆங்கில அறிவுக்குக் கிழக்கு, சுலோசனா அக்காளின் ஜன்னலுக்கு மேற்கு. இதன் மத்தியில் உள்ளது என் மனசு. இதில் யாருக்கும் மாமூல் வழி நடை பாத்தியம் கிடையாது. நான்கு எல்லைகளும் இருக்கிற இடத்திலேயே இருக்கலாம். அவற்றை அகற்றும்படி நான் கேட்கவில்லை, அவை இல்லாமல் எனக்கும் இருப்புக் கொள்ளாது.

14. ஆகவே ஐயா அவர்கள் கருணை கூர்ந்து,

அ. மேற்படி முகவரி மலர்கொடியாகிய எனக்கு மட்டுமே பாத்தியப்பட்டது என்று தங்கள் கையெழுத்தும் கோபுர முத்திரையும் இட்ட சான்று ஒன்று வழங்க வேண்டுகிறேன். அதை ஸ்கேன் செய்து மஸ்கட்டுக்கு அனுப்புவேன். அரசு முத்திரையைச் சித்தப்பாவால் அடிக்க முடியாது என்பது திரு. புருஷோத்தமனுக்கும் தெரியும்.

ஆ. பழைய முகவரியைக் குடும்பத்தார் கூட்டுப் பட்டாவாகவே அனுபவித்துக்கொள்ள எனக்கு ஆட்சேபணை இல்லை. மஸ்கட்டில் வெயில் எப்படி, சாப்பாடு எப்படி என்று அங்கே தாராளமாக விசாரித்துக்கொள்ளட்டும். என் பெயரில் கையெழுத்து மட்டும் போடக் கூடாது.

இ. இந்த மனுவை ஜமாபந்திப் பந்தலில் உரக்க வாசிக்க உத்தரவிடாமல் தாங்கள் மனசுக்குள் படித்துக்கொள்ள வேண்டும். என் தகப்பனார் வேறொரு வேலையாக இன்று இங்கேதான் வந்திருக்கிறார். மூன்றாவது வரிசையில், பச்சைத் துண்டு. பக்கத்தில் சுலோசனா அக்காள்.

15. விசாரணைக்கு வரும் அலுவலர், அப்படி என்னதான் பதில் சொல்லப் போகிறாய் என்று கேட்க வாய்ப்பு உண்டு. மனுவை முகப்பில் வாங்கிப் பார்த்தவரும் ஆவலோடு அதைத்தான் கேட்டார். சம்மதமா, இல்லையா என்று தங்களிடமும் நான் சொல்வதற்கில்லை. மரியாதைக் குறைவாக நினைக்க வேண்டாம். மஸ்கட்டிலிருந்து கேட்டவர் ஒருவர். அவர் படித்த பிறகுதான் மற்றவர்களுக்கு. அந்த ஒரு வரியை நானே எழுதி, என் பெயரை நானே போட்டு அனுப்ப வேண்டும். ஆவணிக்குள் அதற்கு வழி செய்து தருமாறு தங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: திண்டிவனம்
நாள்: 12.06.2006

இப்படிக்கு,
நானே எழுதி, நானே கையெழுத்திட்ட,
ச. மலர்கொடி

நகல்: எவருக்கும் இல்லை.

இணைப்பு: என் பெயரில் சித்தப்பா அனுப்பிய பதிலின் பிரிண்ட். பத்தி 6-இல் கண்ட ஈ.சி.ஜி. தாள் இணைக்கப்படவில்லை. அது என்னிடமே இருக்கட்டும்.