உழாமல் விட்ட இடம்

காவேரிப்பாக்கம்,
செவ்வாய் மதியம்

அன்புள்ள நந்தினி,

தோல் கம்பெனிக்கு மூன்று நாள் லீவு போட்டுவிட்டு ஹேமந்தின் நிலத்துக்கு வந்திருக்கிறேன். ஆம்பூரில் என்னோடு வேலை பார்த்தானே, அவன்தான். ஏரியில் இன்னும் தண்ணீர் இருக்கிறது. காலையில் கூழைக்கடாக்கள் கூட்டமாக வந்து இறங்குகின்றன. கிணற்றில் குளித்தேன், களியும் கீரையும் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன். நீ ஏன் வரவில்லை என்று அவன் மனைவி கேட்டாள். நீ கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போனதைச் சொல்லாமல், ஜோலார்பேட்டையில் உன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவைத்தேன்.

நேற்று உழுதுகொண்டிருந்த ஹேமந்த் திடீரென்று டிராக்டரை நிறுத்தினான். வெறும் மண்ணில் ஆள்காட்டிக் குருவியின் நான்கு முட்டைகள் கிடந்தன. இரண்டு பறவைகளும் எங்கள் தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றின. அந்த இடத்தைச் சுற்றிக் குச்சிகளை நட்டுவிட்டு மீதி நிலத்தை உழுதான். அப்புறம் சாயங்காலம் வரை வரப்பில் உட்கார்ந்து பார்த்தோம்.

"எது ஆணு, எது பொண்ணுன்னு எனக்கு இன்னும் தெர்லடா. ரெண்டும் மாறி மாறி ஒக்காருது," என்றான்.



குழந்தைக்காக நாம் எடுத்த டெஸ்ட்டின் ரிப்போர்ட் தீபாவளிக்கு முன்பே வந்துவிட்டது. வரவில்லை என்று உன்னிடம் சொன்னது பொய். உனக்கு ஒரு குறையும் இல்லை. குறை எனக்குத்தான். அம்மா உன்னைப் பேசியபோதெல்லாம் நான் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

இன்று காலை அம்மாவுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். "இத்தினி நாளா அவள இன்னான்னாவோ பேசிட்டேனேடா," என்றாள். பிறகு போனை வைத்துவிட்டாள்.

ரிப்போர்ட்டை இதோடு அனுப்புகிறேன். உன் அம்மா அப்பாவிடமும் காட்டு.

இப்படிக்கு,
உன் கணவன்