குறைத்து வைத்துக் கேட்பது

இன்று மதியம் உன் ஆம்ப்ளிஃபயரைப் போட்டதும் சூடான தூசி வாசம் வந்தது. நீ கடைசியாக உடம்பு முடியாமல் படுத்தபோது ஆட்டோவில் ஏற்றி ஆனையூருக்கு என் வீட்டுக்கு அனுப்பி வைத்தாயே, அதே ஆம்ப்ளிஃபயர்தான். அந்த வாசத்தோடு நீயும் கூடத்தில் வந்து உட்கார்ந்தது போல் இருந்தது. இன்று ஒரு சண்டை போட்டேன். அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

உன் தம்பி வந்திருந்தான். கூடவே ஒரு ஆடியோ கடைக்காரர், கையில் புது ஆம்ப்ளிஃபயர். என் வலது காது மந்தமாகிவிட்டதை யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். "பழசக் குடுத்துருங்கக்கா, கடையில எடுத்துக்கிருவாங்க. இனிமே உங்களுக்குச் சத்தம்தான வேணும்? இது ஹை-எண்டு, ஒசந்த சரக்கு" என்றான். பாசத்தில்தான் சொன்னான். இருந்தாலும் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

எது ஹை-எண்டு என்று நாம் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் அடித்துக்கொண்டிருப்போம். கல்லூரியில் நீ இயற்பியல் நடத்தினாய், நான் தமிழ். உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்க இடமிருக்காது, அவ்வளவும் சால்டரிங் சாமான். நீ முதலில் செய்த ஆம்ப்ளிஃபயரில் நாதஸ்வரம் கேட்டுவிட்டு, "பின்னாடி சுருதி என்னா அழகாச் சேந்திருக்கு" என்று உருகினேன். நீ சிடியை நிறுத்தினாய். சுருதி மட்டும் நிற்கவில்லை. "அடிப்பாவி, அது கரண்டு இரைச்சல்டி" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். சிரித்து முடித்த கையோடு அதைப் பிரித்துப் போட்டாய்.

அதற்குப் பிறகு செய்ததுதான் இது. பாட்டே போடாமல் ஒலியை முழுக்கத் திருப்பி, ஸ்பீக்கரில் காதை வைக்கச் சொன்னாய். ஒன்றுமே கேட்கவில்லை. அப்புறம்தான் உன் முகம் தெளிந்தது. விலையையும் முன்னால் எரிகிற நீல விளக்கையும் நீ ஒரு நாளும் மதித்ததில்லை. "அது தன் பங்குக்கு எதையும் சேக்கக்கூடாது. தவில் ஓங்கி விழுந்தாலும் நாதஸ்வரம் ஒடுங்கக்கூடாது. அம்புட்டுதான்டி" என்பாய். அதற்காகவே அவ்வளவு கனமான டிரான்ஸ்ஃபார்மரைத் தேடிப் போட்டாய். கடைகளில் அலறவிட்டுக் காட்டினால் உனக்குப் பற்றிக்கொண்டு வரும். "கொறச்சு வைக்கச் சொல்லு, வண்டவாளம் தெரியும்."

கடைக்காரர் புதியதை மாட்டினார். ஜன்னல் அதிர்ந்தது. "எம்புட்டு பவரு பாத்தீங்களா மேடம்?" என்றார். குறைக்கச் சொன்னேன். இன்னும் குறைக்கச் சொன்னேன். பேச்சுக் குரல் அளவுக்கு வந்ததும் தவில் வெறும் தட்டலாகிவிட்டது, நாதஸ்வரத்துக்குச் சளி பிடித்துவிட்டது. பிறகு உன்னுடையதில் அதே சிடியை அதே அளவில் வைத்தேன். வாசிப்பவர் மூச்சை இழுப்பது கூட இடது காதுக்குக் கேட்டது. வலது காதுக்கு ஒன்றும் எட்டவில்லை. அதையும் மறைக்காமல் சொன்னேன்.

உன் தம்பிக்குப் பொறுமை போய்விட்டது. "பாதிக் காதுக்கு எதுக்குக்கா இதெல்லாம்?"

"பாதிக் காதுதான் தம்பி. அதுனாலதான் வர்றது முழுசா வரணும்கிறேன். என் காது கழிக்கிறது போதும், மெஷினும் சேந்து கழிக்க வேணாம்."

உங்கள் சௌராஷ்டிரத்தில் ஏதோ முணுமுணுத்தான். நீ இருந்திருந்தால் அதே மொழியில் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பான். புதுப் பெட்டி வந்த வழியே திரும்பிப் போனது. ஒரு டீ கூடக் குடிக்காமல் போய்விட்டானே என்று கொஞ்சம் வருத்தம்தான்.

இடது காதும் போகப் போக மந்தமாகும் என்கிறார் டாக்டர். ஆகட்டும். நீ வைத்துக் கேட்ட அளவுக்கு மேல் நான் ஒலியைக் கூட்டப் போவதில்லை. ஒரு நாள் கேட்காமல் போனால், கேட்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போகிறேன். கத்தலைக் கேட்டுவிட்டுப் பாட்டு கேட்டேன் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.