காலை ஏழு மணிக்கு ஓர் இணைப்பு

அன்புள்ள ஜெனித்துக்கு,

அம்மா எழுதுவது. நீ நோய்நொடி இல்லாமல் இருக்க மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன். இங்கே சுகம் என்று எழுத மனம் வரவில்லை. வீட்டுக்குக் கேபிள் நெட் நல்லதா, மொபைல் டவரிலிருந்து வாங்கும் பெட்டி நல்லதா என்று கேட்டிருந்தாய். எனக்குத் தெரியவில்லை. நெட் இல்லாததால்தான் தாளில் எழுதுகிறேன்.

நாளை அப்பாவுக்குத் தஞ்சாவூரில் ஆபரேஷன். குரல்வளையை எடுத்துவிடுவார்கள், அதன்பிறகு இப்போதுள்ள கரகரத்த குரலும் இருக்காது. உன் வேலை நேரத்துக்கு முன்பாக, இங்கு காலை ஏழு மணிக்கு, உன்னோடு பேசிவிட்டுக் கிளம்ப வேண்டும் என்பது அவருடைய ஒரே பிடிவாதம். ஆனால் இன்று நம் வயலுக்கு அறுப்பு மெஷின் வந்தது. தெருவின் குறுக்கே தொங்கிய கேபிளை எதிர்வீட்டு இராஜாங்கம் வழக்கம்போலத் தொரட்டியால் தூக்கிப் பிடித்தார், முனையிலிருந்த அரிவாள் அதை அறுத்துவிட்டது. கேபிள்கார ஜாபிர் வந்து பார்த்துவிட்டு, இது கண்ணாடி இழை, முறுக்கிச் சேர்க்க முடியாது, ஒட்டும் மெஷினோடு காலை ஆறு மணிக்கு வருகிறேன் என்றார். மொபைலுக்கு மொட்டைமாடியில்தான் சிக்னல், அப்பாவால் ஏற முடியாது. டவர் பெட்டி விற்பவர் நூறு எம்பி வரை வரும் என்கிறார். அந்த 'வரை'யில்தான் எனக்கு நம்பிக்கையில்லை. கேபிள் பெட்டியும் கரண்ட் போனால் செத்துவிடும். எதை வாங்கினாலும் நாளைக்கு உதவப்போவதில்லை.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ. ஞாயிறு பூசையை விடாதே. ஆண்டவர் உன்னைக் காக்கட்டும்.

அம்மா,
ஃபிளோரா

மறுநாள், ஆஸ்பத்திரியில்:

ஜாபிர் வரவில்லை. அவரை நம்பி ஏழரை வரை காத்திருந்தது என் தவறு. கார் திருப்பனந்தாள் கடைத்தெருவுக்கு வந்ததும் போனில் சிக்னல் கோடுகள் நான்கும் நிறைந்தன. ஏழே முக்காலுக்கு அழைத்தேன். நீ அதற்குள் போனை வாசலில் ஒப்படைத்துவிட்டு வேலைக்குக் கிடங்குக்குள் போயிருப்பாய். பதிவு செய்த ஒரு பெண்குரல் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னது, பிறகு 'பீப்' என்று ஒரு சத்தம். உன்னோடு வேலை பார்க்கும் பெண் என்று நினைத்துக்கொண்டு அப்பா போனை வாங்கி, "பரவால்லம்மா, அவனைக் கூப்பிட வேணாம். அறுப்பு ஆயிட்டு, நெல்லு நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. அப்பறமா நானே பேசறேன்" என்றார்.

நான் திருத்தவில்லை. பதினொரு மணிக்கு உள்ளே அழைத்துப் போனார்கள்.

உன் போனில் பதிவாகியிருக்கும் அப்பாவின் குரலை அழித்துவிடாதே.