கோபுரத்திலிருந்து தெரியும் கொடிமரம்

ரீபே,
மே 14, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அஸ்கருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தேதி போடாமல் எழுதியிருக்கிறாய். நான் படித்த பள்ளியில் கன்னியாஸ்திரிகள் அப்படிப்பட்ட கடிதத்தைப் படிக்காமலே திருப்பிக் கொடுப்பார்கள். நான் இரண்டு முறை படித்தேன். இங்கே நலம்; வலது தோள் மட்டும் காதுக்கு மேல் உயர மறுக்கிறது.

கனடாவிலிருந்து மெரத்தேயுடன் ஜூன் ஏழாம் தேதி வருவதாகவும், விடுதியில் அறை எடுத்துவிட்டதாகவும், அவளுக்குக் காட்ட ஊரில் என்னென்ன பழைய கட்டடங்கள் உண்டு என்றும் கேட்டிருக்கிறாய். இந்தத் தெருக்களில் முட்டியைத் தேய்த்து வளர்ந்தவன் என்னிடம் பட்டியல் கேட்கிறாய்! பக்கத்து வீட்டு டாக்னியிடம் சொன்னேன். "அவன் கட்டடமா கேக்குறான்? உனக்குப் படிப்பு இருக்கு ஆன்னா, காதுதான் இல்ல" என்றாள். அவளுக்கு எப்போதும் வாய் நீளம். போகட்டும், கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன்.

முதலில் பேராலயத்தின் தெற்கு வாசல். கதவில் இருக்கும் அந்தச் சிங்கத்தலையை ஊரில் எல்லாரும் பூனை என்றுதான் சொல்கிறோம். சின்ன வயதில் நீ "கடிக்கும்மா" என்று கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வாய். உன் அப்பா அதன் வாயில் விரலை வைத்து, "ஐயோ, போச்சுடா என் விரலு!" என்று அலறுவார். ஆலய வாசலில் என்ன கூத்து என்று நான் கண்டிப்பேன். நானும் ஒருமுறை விரலை வைத்திருக்கலாம்.

பிறகு படகுத்துறையில் வெள்ளக் கம்பம். அதில் குறித்திருக்கும் பழைய புயல் வெள்ளங்களின் அளவுகளுக்குக் கீழே, உன் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் உன் உயரத்துக்கு அப்பா சுண்ணக்கட்டியால் கோடு போடுவார். மழை அழித்துவிடும். "அப்பா, என் வெள்ளம் எங்க?" என்று அழுவாய். "அடுத்த வருஷம் இன்னும் உசரமா வரும்டா" என்பார். அழியாத எதிலாவது போடச் சொல்லியிருக்க வேண்டும்.

பழைய நகர மன்றத்தைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை. நீயும் மெரத்தேயும் அங்கேதான் மணம் செய்துகொண்டீர்கள். ஜூன் ஏழு என்ன நாள் என்று நீ எழுதவில்லை, எனக்கும் நினைவிருக்கிறது. மணமுறிவு பெற்றவளை, பாதிரியார் இல்லாமல் மணக்கிறாய் என்று நான் வரவில்லை. அதோடு நிற்கவுமில்லை. பிறந்தநாளுக்கே வீட்டுத் தோட்டத்தில் நாட்டுக் கொடியேற்றுகிற ஊரில், அன்று காலை அப்பா கொடியை எடுத்துக்கொண்டு நம் தோட்டத்துக் கொடிமரத்துக்குப் போனார். நான் அவர் கையிலிருந்து வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். "ஆன்னா, பையன் பாப்பான்" என்றார். "பாக்கட்டும்" என்றேன்.

நீங்கள் வந்து பார்த்தீர்கள். வேலிக்கு வெளியே நின்று, வெறும் கொடிமரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனீர்கள். மெரத்தேயின் கையில் லைலாக் பூங்கொத்து இருந்தது. நான் சமையலறை ஜன்னலில் நின்றிருந்தேன். உன் அப்பாதான் கொடியேற்றவில்லை என்று இருபத்திரண்டு வருடமாக நீ நினைத்துக்கொண்டிருந்தால் தவறு. அவர் அடக்கத்தன்று நீ தனியாக வந்து, அன்று மாலையே போய்விட்டாய். அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கடைசியாகப் பேராலயத்தின் கோபுரம். காலை பத்து மணிக்கு ஏறுங்கள். படிகள் இருநூற்று நாற்பத்தெட்டு. மெரத்தேயை நடுவழியில் சற்று உட்காரவிடு. மேலே போனதும் ஆற்றின் வளைவைக் கண்டுபிடித்து, அங்கிருந்து மூன்றாவது புகைபோக்கிக்குப் பின்னால் பார். நம் தோட்டம் தெரியும். கொடிமரத்தின் உச்சியில் என்ன இருக்கிறது என்று அவளுக்குக் காட்டு.

அன்று காலை கொடியை ஏற்றுவதற்கு டாக்னி வருவாள். பிறகு அவள் தன் மகள் வீட்டுக்குப் போய்விடுவாள். சூரியன் மறைவதற்குள் கொடி இறங்கியாக வேண்டும், தரையிலும் படக்கூடாது. என் தோளை நம்பி அதை ஏற்றவில்லை. இறக்கி மடிக்க இரண்டு பேர் வேண்டும். மெரத்தேக்கு மடிப்பு தெரியாவிட்டால் நான் காட்டித் தருகிறேன். விடுதியில் இரவுச் சாப்பாடு சொல்லியிருந்தால் வேண்டாமென்று சொல்லிவிடு.

கடவுள் உங்கள் இருவரையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் அம்மா,
ஆன்னா