தூணின் ஒட்டு தெரிந்த ஆள்

அன்புள்ள உங்களுக்கு,

நானும் பாப்பாவும் சுகம். நீங்கள் சுகமா என்று எப்போதும் ஒப்புக்கு எழுதுவேன். இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன்.

உங்கள் கடிதம் சனிக்கிழமை வந்தது. வேலை இன்னும் ஒரு வருடம் நீண்டுவிட்டது, இப்போதைக்கு ஊருக்கு வர வழியில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நம்ப வேண்டும் என்றுதான் மூன்று முறை படித்தேன். ஆனால் உறையில் வெளிநாட்டு ஸ்டாம்பு இல்லை, நம் ஊர் முத்திரை இருக்கிறது. ஊருக்கு வந்த சிநேகிதரிடம் கொடுத்தனுப்பியதாகச் சொல்கிறீர்கள். போன மாதக் கடிதத்துக்கும் அதே சிநேகிதர்தான். அவருக்கு மாதாமாதம் லீவு கிடைக்கிறது, உங்களுக்கு மட்டும் மூன்று வருடமாகக் கிடைக்கவில்லை.

கையெழுத்தும் சரியில்லை. நான்கு மாதமாக ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியது போல இருக்கிறது. பேனா மக்கர் செய்கிறது என்றீர்கள். என் தங்கை கடிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அக்கா, இது அத்தான் எழுதினதே இல்ல. யாரோ பக்கத்துல உக்காந்து எழுதிக் குடுக்குறாங்க" என்றாள். அந்த யாரோ யார் என்று வாயால் சொல்லவில்லை, முகத்தால் சொல்லிவிட்டாள். போன் போட்டால் கிடைப்பதில்லை, கேட்டால் சிக்னல் இல்லை என்று எழுதுகிறீர்கள். அங்கே உங்களுக்கு இன்னொரு குடும்பம் இருக்கிறதோ என்று எனக்கும் தோன்றிவிட்டது. அதே நினைப்பில் தைத்து, ஒருவருடைய சட்டைக்கு இரண்டு இடது கை வைத்துவிட்டேன்.

அது கிடக்கட்டும். மழை ஓய்ந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் தெருவில் பாரம்பரிய நடை என்று ஒன்று நடக்கிறது. பழைய வீடுகளைக் காட்டி ஒருவர் கதை சொல்கிறார். கூட்டம் சிதறாமல் இருக்க மூடிய குடையைத் தூக்கிப் பிடித்தபடி நடப்பார். அதனால் தெருவுக்கே அவர் குடைக்காரர். நம் வீடு அவருக்கு ஆறாவது. மாமா இருந்திருந்தால் மீசையை முறுக்கிக்கொண்டு வாசலில் நின்றிருப்பார்.

முற்றத்தில் இறங்கும் காற்று எப்படி அறை அறையாகச் சுற்றுகிறது, சுண்ணாம்புச் சுவர் எப்படி வெயிலை வாங்கிக்கொள்கிறது என்று எல்லாவற்றையும் தெருவில் நின்றே சொல்லிவிடுவார். கூடத்தில் என் தையல் மெஷின் இருப்பதால் ஐந்து ஐந்து பேராகத்தான் உள்ளே விடுகிறேன். கொடியில் காயும் போர்வையைக்கூடப் படம் எடுக்கிறார்கள், அதுவும் பாரம்பரியமாம். மழையில் உப்பிக்கொண்ட நம் வாசல் கதவு அவருக்கு ஒரு வேடிக்கை. வருகிறவர்கள் ஒவ்வொருவரும் தள்ளித் திறந்து பார்க்க வேண்டும். "ரெண்டு கையும் குடுத்து, தோளையும் குடுத்தாத்தான் இந்த வீடு உள்ள விடும்" என்பார்.

நம் முற்றத்துத் தூண் ஒரே மரம் என்று மாமா சொன்ன கதையைத்தான் அவரும் சொல்லிவந்தார். போன ஞாயிறு மாற்றிவிட்டார். "பாத்தா ஒரே மரம். முழங்கால் உயரத்துக்குக் கீழ வேற கட்டை. ஒட்டு எங்க இருக்குன்னு கண்டுபிடிங்க பாப்போம்" என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. மெஷினை நிறுத்திவிட்டேன்.

கரையான் அரித்த அடிப்பாகத்தை அறுத்தெடுத்துவிட்டு நீங்கள் புதுக்கட்டை பொருத்தியது, மாமா கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த ஒரு பகலில். உத்திரத்துக்குக் கொடுத்த முட்டுக்கட்டை சரியாமல் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றவள் நான். வார்னிஷ் காயும்வரை விசிறியதும் நான்தான். ஒரே மரம் என்ற பெருமையோடுதான் மாமா போய்ச் சேர்ந்தார். உங்கள் அக்காவுக்குக்கூடத் தெரியாது. அப்படியிருக்க இந்த ஆளுக்கு யார் சொன்னது? எனக்குத் தெரியாமல் வீட்டை யாருக்கோ பேசி முடித்து, குறையெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டீர்களோ என்றுதான் முதலில் நினைத்தேன்.

நடை முடிந்து திரும்பி வந்த குடைக்காரரை வாசலில் மடக்கினேன். ஒவ்வொரு வீட்டிலும் கதையை முடித்ததும், இதற்கு மேல் யாருக்காவது தெரியுமா என்று கேட்பது அவர் வழக்கம். யார் என்ன சொன்னாலும் நோட்டில் குறித்துக்கொண்டு அடுத்த வாரம் கதையில் சேர்த்துவிடுவார். நோட்டைப் புரட்டிக் காட்டினார். நம் வீட்டுப் பக்கத்தில், 'தூணில் ஒட்டு உண்டு. தொப்பிக்காரர் திருத்தியது' என்று இருந்தது.

தொப்பி போட்ட ஒருவர் மூன்று ஞாயிறாக நடைக்கு வருகிறாராம், அன்றும் வந்திருந்தாராம். தாடி வைத்திருக்கிறாராம். எந்த வீட்டிலும் வாயைத் திறக்காதவர், தூண் விஷயத்தில் மட்டும், "அது ஒரே மரம் இல்லீங்க" என்று ஆரம்பித்து ஒட்டின் இடம்வரை சொல்லிவிட்டு, உடனே கூட்டத்தின் பின்னால் போய் நின்றுகொண்டாராம். உள்ளே கூப்பிட்டதற்கு, "நான் பாத்த வீடுதான்" என்றாராம். வலது கையைப் பேன்ட் பையிலிருந்து எடுத்ததே இல்லையாம். குடையைக் கொஞ்சம் பிடிக்கச் சொன்னபோதும் இடது கையைத்தான் நீட்டினாராம்.

யாராவது தப்பாகச் சொன்னால் உங்களுக்கு வாய் சும்மா இருக்காது. நம் கல்யாணத்தன்றே, மேடைப் பலகையைத் தப்பாக அடித்திருக்கிறார்கள் என்று பாதியில் எழுந்து போனவர்தானே நீங்கள்.

நான்கு மாதக் கடிதங்களையும் தரையில் பரப்பினேன். உங்கள் கடைசி வரியை நானும் இடது கையால் எழுதிப் பார்த்தேன். அதே சாய்வு, அதே நடுக்கம். அப்படியே உட்கார்ந்து அழுதேன். வலது கை எந்த மெஷினில் மாட்டியதோ, எத்தனை நாள் தனியாகப் படுத்துக் கிடந்தீர்களோ தெரியவில்லை. அழுது முடித்ததும் கோபம் வந்தது. பத்துப் பேரோடு தெருவில் நின்று சொந்த வீட்டை வேடிக்கை பார்த்துவிட்டு ஏழாவது வீட்டுக்கு நகர்ந்திருக்கிறீர்கள். உள்ளே என் மெஷின் ஓடும் சத்தம் கேட்டிருக்குமே. எப்படித்தான் மனசு வந்தது?

உங்களைத் தப்பாக நினைத்துவிட்டேன், அதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் கையைப் பார்த்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன் என்று நீங்கள் நினைத்தீர்களே, அதை நான் லேசில் மன்னிப்பதாக இல்லை. நேரில் வந்து கேளுங்கள்.

பாப்பாவிடமும் தங்கையிடமும் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தைத் தபாலிலும் போடவில்லை. தொப்பிக்காரர் வந்தால் கொடுக்கும்படி குடைக்காரர் கையில் கொடுத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நகரும்போது நீங்கள் நகர வேண்டாம். கதவை நினைத்தும் தயங்க வேண்டாம். புதன்கிழமை ஆள் வைத்து இழைத்துவிட்டேன். தன் வேடிக்கை போய்விட்டதே என்று குடைக்காரருக்கு வருத்தம். வேலை சுத்தமில்லை என்று நீங்களும் குறை சொல்லத்தான் போகிறீர்கள், சொல்லுங்கள். இப்போது இடது கையால் தள்ளினாலே திறக்கிறது.

இப்படிக்கு,
அன்றைக்கு முட்டுக்கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றவள்