மாமன் என்று வந்தவர்

1909, ஐப்பசி, செவ்வாய் இரவு

அனாதைப் பிள்ளைகள் இல்லத்தில் தையல் சொல்லிக்கொடுக்கப் போன இடத்தில் இன்று நான் ஒரு பொய் சொன்னேன்.

சிரங்கூன் சாலை மாட்டுக்கொட்டகையில் வேலை செய்கிற ஒருவர் வந்தார். இல்லத்தில் இருக்கும் வள்ளியின் தாய்மாமன் என்றார். அவளுக்கு ஏழு வயது. இங்கே வரும் வழியில் கப்பலிலேயே தாய் இறந்துபோனாள். தாயின் பெயரையும் ஊரையும் அவர் சரியாகத்தான் சொன்னார். துறைமுகத்தில் விசாரித்தால் அதெல்லாம் யாருக்கும் கிடைக்கும்.

"பாத்திரம் தேய்ப்பாளா?" என்று கேட்டார்.

"ஏன் கேக்கிறியள்?" என்றேன்.

"சும்மாதாங்க. இன்னைக்கே கூட்டிக்கிட்டுப் போறேன்னு துரைசானிகிட்டச் சொல்லுங்க."

இல்லத்தை நடத்தும் துரைசானிக்குத் தமிழ் தெரியாது. "திங்கட்கிழமை வந்து அழைத்துப் போகிறாராம்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். வந்தவரிடம், "துரைசானி இண்டைக்கு விடமாட்டாவாம். திங்கக்கிழமை வாங்கோ" என்றேன்.

அவர் வாதாடவில்லை. துணிமூட்டையிலிருந்து ஒரு சிவப்புச் சட்டையை எடுத்து, "புள்ளைக்குக் குடுங்க" என்று தந்துவிட்டுப் போனார்.

வள்ளிக்குப் போட்டுப் பார்த்தேன். கைகூட நுழையவில்லை. மூன்று வயதுப் பிள்ளையின் அளவு. அவர் போவதைச் சன்னல் வழியே பார்த்திருந்தாள்; அவரைத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்று தலையாட்டினாள்.

அவளைப் பார்த்தே இராதவர் குத்துமதிப்பாக வாங்கிய சட்டையா? அல்லது அவளை மூன்று வயதில் பார்த்துவிட்டுக் கப்பலேறியவர் அந்த அளவையே நினைத்து வாங்கினாரா? இந்தக் கேள்வி எனக்கு வீடு வந்த பிறகுதான் வந்தது.

திங்கட்கிழமை அவர் வரக்கூடாது என்றுதான் இப்போதும் மனம் வேண்டுகிறது. வள்ளிக்காகவா, என் பொய் வெளிப்படாமல் இருக்கவா என்று தெரியவில்லை.