சரளைக்கு அடியில் ஒரு மூச்சு

அன்புள்ள என்னவருக்கு,

நானும் பாப்பாவும் நலம். கடலுக்குள் முங்கிக் கப்பலின் அடிவயிற்றில் பாசி சுரண்டுகிறவருக்கு இருமல் நின்றதா? போன கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி எழுதி அடித்திருந்தீர்கள். அடித்ததையும் சேர்த்து வாசிக்கிறவள் நான். இன்னும் இரண்டு வருடத்துக்குக் கம்பெனியில் கையெழுத்துக் கேட்கிறார்கள், போடட்டுமா என்று கேட்டிருந்தீர்களே, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நீங்கள் அனுப்பிய மோட்டார் ஃபில்டர் வந்து சேர்ந்தது. புதுசைக் கண்டால் எனக்குத்தான் கை சும்மா இருக்காதே! மீன்தொட்டியில் சரளைக்கு அடியில் கிடந்த பழைய பிளாஸ்டிக் தட்டையும் காற்றுக் குழாயையும் அன்றைக்கே பிடுங்கிவிட்டேன். அதோடு விட்டேனா? சரளை முழுவதையும் சோப்புப் போட்டு வெந்நீரில் அலசி, வெயிலில் காயவைத்தேன். மூன்றாம் நாள் தண்ணீர் பால் கலந்த மாதிரி வெளுத்துப்போய், மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. ஏழு குஞ்சுகளில் மூன்றை மோட்டார் இழுத்துக்கொண்டது. அடிப்பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

வண்ண மீன்கடை அக்காவிடம் ஓடினேன். "அழுக்குன்னு நீ கழுவிக் கொட்டினதுதாம்மா அந்தத் தொட்டிக்கு உயிரே" என்று தலையில் அடித்துக்கொண்டார். சரளையில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் குடியிருக்குமாம். தண்ணீர் மெல்லக் கீழே இறங்கும்போது மீனின் கழிவை அவை தின்று தீர்க்குமாம். பழைய ஃபில்டர் குஞ்சை இழுக்காது, கெட்டுப்போவதற்கும் காற்றுப் பம்பை விட்டால் அதில் வேறொன்றும் இல்லை என்றார். தன் தொட்டியிலிருந்து ஒரு பை சரளையை ஈரத்தோடு அள்ளித் தந்தார். மோட்டாரைக் கழற்றிவிட்டு, தட்டையும் குழாயையும் மறுபடி பதித்து, அந்தச் சரளையை மேலே பரப்பினேன். இருபது நாளில் தண்ணீர் தெளிந்துவிட்டது. மீதி நான்கு குஞ்சுகளும் பிழைத்துக்கொண்டன.

சொல்ல வந்தது வேறு. மோட்டார் ஓடிய நாட்களில் பாப்பா மதியம் தூங்கவே இல்லை. பசியாக்கும் என்று நான் பிஸ்கட்டாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பழைய குழாயில் குமிழி ஏறும் 'குளுக் குளுக்' சத்தம் திரும்ப வந்ததும்தான் வாயைத் திறந்தாள். அது நீங்கள் கடலுக்கடியில் விடும் மூச்சாம். நின்றுபோனதே என்று பயந்திருக்கிறாள். என்னிடம் கேட்கவும் பயம். பிஸ்கட் கொடுத்த கையை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது கண்ணாடியில் காதை வைத்தபடியே தூங்கிப்போகிறாள். நானும் பக்கத்தில் சாய்கிறேன். தொட்டியின் பச்சை வெளிச்சம் சுவரில் அசைய அசைய, அறையே மெதுவாகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. கட்டில், கொடியில் கிடக்கும் துணி, ஆணியில் தொங்கும் உங்கள் சட்டை எல்லாம் மிதக்கின்றன. அந்த அரைத்தூக்கத்தில் நீங்கள் கைக்கெட்டும் தூரத்தில் நீந்திப் போகிறீர்கள். கூப்பிட்டால் குமிழிதான் வருகிறது. விழித்ததும் அழுகிறேன். மறைப்பானேன்?

கையெழுத்து விஷயம். போடுங்கள் என்றோ வேண்டாம் என்றோ நான் சொல்வதற்கு முன்னால் ஒன்றைக் கேளுங்கள். நேற்று பாப்பா, "அப்பா தண்ணிய விட்டு வெளியவே வரமாட்டாராம்மா?" என்றாள். இந்த மாதக் கடைசியில் வந்துவிடுவார் என்று சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல்தான் சொன்னேன்.

என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள்.

உங்கள்
வீட்டுக்காரி